சலீமுஸ்ஸமான் சித்தீக்கி

சலீமுஸ்ஸமான் சித்தீக்கி (அக்டோபர் 19, 1897 – ஏப்ரல் 14, 1994) தாவரங்களில் உள்ள வேதிப்பொருட்களை ஆராய்வதில் பெயர் பெற்ற வேதியியல் அறிஞர் ஆவார். பிரித்தானிய இந்தியாவில் பிறந்து, தில்லியில் ஆய்வுப் பணியைத் தொடங்கிய இவர் 1951 ஆம் ஆண்டில் பாக்கித்தானுக்குக் குடிபெயர்ந்தார். வேம்பு குறித்த ஆய்வுகளுக்காகவே இவரது பெயர் இன்று பெரிதும் நினைக்கப்படுகின்றது. எனினும் மருத்துவ வரலாற்றில் இவருக்கு இடம் தேடித் தந்தது சர்ப்பகந்தா என்னும் சிறு செடியின் வேராகும். அவ்வேரிலிருந்து 1931 ஆம் ஆண்டில் இவர் பிரித்தெடுத்த அஜ்மலின், பின்னாளில் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீர்படுத்தும் மருந்தாயிற்று. அதே பொருள் நரம்புகளையும் பாதிக்கின்றது என்பது முதல் சோதனையிலேயே பதிவாகியிருந்தது. அப்பதிவின் முழுப்பொருள் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இளமையும் கல்வியும்

சித்தீக்கி இன்றைய உத்தரப் பிரதேச மாநிலத்தின் பாராபங்கி மாவட்டத்தைச் சேர்ந்த சுபேகா என்னும் ஊரில் பிறந்தார். முசுலிம் லீக் தலைவர்களுள் ஒருவரான சௌத்ரி கலீக்குஸ்ஸமான் இவருடைய தமையனார் ஆவார். இலக்னோவில் பள்ளிக் கல்வி பெற்ற பின்னர் அலிகார் கல்லூரியில் சேர்ந்து 1919 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கு இவர் பயின்றவை மெய்யியலும் பாரசீகமும் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். வேதியியலாளர் ஒருவரின் தொடக்கம் இவ்வாறு அமைவது அரிது.

1920 ஆம் ஆண்டில் மருத்துவம் பயிலும் நோக்குடன் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். ஓராண்டிற்குப் பின் அதனை விட்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்று வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். அங்கு யூலியஸ் வான் பிரவுன் என்னும் புகழ்பெற்ற கரிம வேதியியலாளரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1927 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே இவர் ஓவியராகவும் அறியப்பட்டார். 1924 ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டில் இவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓவிய ஈடுபாடு இவரது இறுதிக்காலம் வரை நீடித்தது.

அக்கீம் அஜ்மல் கானும் தில்லி ஆய்வகமும்

தில்லியில் வாழ்ந்த அக்கீம் அஜ்மல் கான் (1868–1927) யுனானி மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றவர். 1921 ஆம் ஆண்டு அகமதாபாத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் இவரே. நாட்டு மருந்துகளை மரபு வழியில் வழங்குவதோடு நின்றுவிடாமல், அவற்றுள் அடங்கிய பொருள் யாது, அது உடலில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை நவீன வேதியியலின் துணையுடன் அறிய வேண்டும் என்பது அவரது எண்ணம். அவர் நிறுவிய ஆயுர்வேத யுனானி திப்பியாக் கல்லூரியை 1921 ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தி திறந்து வைத்தார். அக்கல்லூரியில் ஓர் ஆய்வு நிலையம் அமைக்கும் பொறுப்பு சித்தீக்கிக்கு அளிக்கப்பட்டது.

அஜ்மல் கான் 1927 டிசம்பர் 29 அன்று காலமானார். ஆய்வு நிலையம் உருப்பெற்றுப் பயன் தருவதை அவர் காணவில்லை. 1928 முதல் 1940 வரை சித்தீக்கி அதன் இயக்குநராகப் பணியாற்றினார்.

சர்ப்பகந்தா

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு புதர்ச்செடி. இதன் தாவரவியற் பெயர் ரவுல்பியா செர்பென்டினா. 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோனார்டு ரவுவோல்ப் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் நினைவாகப் பேரினப் பெயர் இடப்பட்டது. இமயமலை அடிவாரத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும், இலங்கை, மியான்மர் உள்ளிட்ட நாடுகளிலும் இது வளர்கின்றது. பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு இதன் வேர் கொடுக்கப்பட்டது. பீகார், வங்காளப் பகுதிகளில் பித்துப் பிடித்தவரை அமைதிப்படுத்தவும், உறக்கம் வரவழைக்கவும் இது பயன்பட்டது. அதாவது இந்த வேர் மூளையைத் தொடும் என்பதை வேதியியலாளர் அறியும் முன்பே நாட்டு மருத்துவர் அறிந்திருந்தனர். இதயத்தைத் தொடும் என்பதுதான் புதிய செய்தி.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தியை இங்குக் குறிப்பிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தாமிரபரணி தோன்றும் பொதிகை மலையைச் சூழ்ந்த காடுகள் இச்செடியின் பேரினத்திற்கு உகந்த ஈரநிலங்கள் ஆகும். இங்கு 1988 ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. அகத்தியர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இம்மலை சித்த மருத்துவ மரபில் மூலிகைகளின் இருப்பிடமாகக் கருதப்படுகின்றது. 1964 ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மலையில் இருக்கும் இனம் ஒருபுறமிருக்க, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து தமிழகச் சமவெளிகளில் பரவிவிட்ட ரவுல்பியா டெட்ராபில்லா என்னும் உறவுச்செடி சாலையோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் காணப்படுகின்றது. இதன் வேரிலும் அதே வகை ஆல்க்கலாய்டுகள் உள்ளன; சர்ப்பகந்தாவுக்கு மாற்றாகவும் கலப்படமாகவும் இது விற்கப்பட்டதுண்டு. திருநெல்வேலி வட்டாரத்தில் வேலியோரம் வளரும் மஞ்சள் அரளியும் இதே குடும்பத்தது. அதன் விதையில் உள்ள நச்சு வேறு வகைப்பட்டது. டிஜிட்டாலிசு மருந்தைப் போல் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

அஜ்மலின்

சித்தீக்கியும் உடன் பணியாற்றிய ரபத் உசேன் சித்தீக்கியும் 1931 ஆம் ஆண்டில் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து ஆல்க்கலாய்டுகளைப் (காரப்போலிகளை) படிக வடிவில் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அவை இரு பிரிவுகளாக அமைந்தன. அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் ஆகிய மூன்றும் வெண்ணிறமானவை. செர்பென்டின், செர்பென்டினின் ஆகிய இரண்டும் மஞ்சள் நிறமானவை. முதற் பிரிவு முழுவதற்கும் மறைந்த அஜ்மல் கானின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு யுனானி மருத்துவரின் பெயர் உலகின் மருந்தியல் நூல்களில் எல்லாம் இடம்பெற்றது இவ்வாறுதான்.

பிரித்தெடுத்த பொருட்கள் தவளைகளில் சோதிக்கப்பட்டன. அஜ்மலின் பிரிவு இதயம், மூச்சு, நரம்பு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தளர்த்தியது. செர்பென்டின் பிரிவு மூச்சை முடக்கி நரம்பைத் தளர்த்தியது. ஆனால் இதயத்தைத் தூண்டியது. இந்தச் சிறு குறிப்பினை இன்று படிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு பிரிவுகளும் இதயத்தில் எதிரெதிராகச் செயற்பட்டன, ஆனால் நரம்பில் ஒரே திசையில் செயற்பட்டன. நரம்பைத் தொடாது இதயத்தை மட்டும் தொடும் பொருள் எதுவும் அந்த ஐந்தில் கிட்டவில்லை.

அதே 1931 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகியோர் இவ்வேரின் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்து, மனநோயிலும் உயர் குருதி அழுத்தத்திலும் அது பயன் தருவதாக எழுதினர். தில்லியில் கிடைத்த படிகங்களும் கல்கத்தாவில் கண்ட உறக்கமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உறக்கம் தரும் பொருள் அந்தப் படிகங்களில் இல்லை, பிசின் போன்ற எச்சத்தில்தான் இருக்கின்றது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. சித்தீக்கி 1930களின் இறுதி வரை இவ்வேரை விடாது ஆராய்ந்து ஐசோஅஜ்மலின், நியோஅஜ்மலின் ஆகியவற்றையும் அறிவித்தார். ஆயினும் அப்பிசினில் இருந்த பொருள் இவர் கைக்கு அகப்படவில்லை.

எச்சத்தில் இருந்த பொருள்

பம்பாயில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் உருசுதம் ஜால் வக்கீல் 1949 ஆம் ஆண்டில் பிரித்தானிய இதய ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயர் குருதி அழுத்தம் உடைய 50 நோயாளிகளுக்கு சர்ப்பகந்தா கொடுத்ததன் விளைவை அது விவரித்தது. மேலைநாட்டு மருத்துவர்களின் கவனம் இதன் பின்னரே இவ்வேரின் மீது திரும்பியது. 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், சிலிட்லர், பைன் ஆகியோர் பிசின் எச்சத்திலிருந்து ரிசர்பின் என்னும் ஆல்க்கலாய்டைப் பிரித்தனர். உறக்கத்திற்கும் குருதி அழுத்தக் குறைவிற்கும் காரணம் இதுவே. 1954 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நேத்தன் கிளைன் மனநோயாளிகளுக்கு ரிசர்பினைப் பயன்படுத்தினார்.

அதே ஆண்டில் மறுபக்கமும் தெரிந்தது. குருதி அழுத்தத்திற்காக அதிக அளவில் நீண்டகாலம் ரிசர்பின் உட்கொண்டவர்களிடம் ஆழ்ந்த மனச்சோர்வு தோன்றியதாக எட்வர்டு பிரெய்சு எழுதினார். கைந்நடுக்கம், உடல் விறைப்பு, முகத்தில் அசைவின்மை எனப் பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகளும் சிலரிடம் காணப்பட்டன. மருந்தை நிறுத்தினால் இவை பெரும்பாலும் நீங்கின. இதயத்திற்கும் குருதிக் குழாய்களுக்கும் என்று கொடுத்த மருந்து நோயாளியின் மனத்தையும் நடையையும் மாற்றியது.

இத்தீங்கிலிருந்தே ஒரு பெரும் கண்டுபிடிப்பும் வந்தது. ரிசர்பின் நரம்பு முனைகளில் சேமிக்கப்படும் நோர்அட்ரினலின், டோப்பமின், செரோட்டோனின் ஆகியவற்றை வற்றச் செய்கின்றது. 1957 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்ததால் அசைவற்றுப் போன முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். முயல்கள் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. மூளையில் டோப்பமின் குறைவதே அசைவின்மைக்குக் காரணம் என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்து, பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா சிகிச்சையாக முடிந்தது. கார்ல்சன் 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ரிசர்பினால் மனச்சோர்வு உண்டாகும் என்ற கருத்தைப் பிற்கால மீளாய்வுகள் ஐயத்துடன் நோக்குகின்றன. குறைந்த அளவில் அவ்விளைவுக்கான சான்று வலுவற்றது எனக் கூறப்படுகின்றது. எனினும் பாடநூல்களில் அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது.

இதய மருந்தாக அஜ்மலின்

ரிசர்பின் பெற்ற புகழில் அஜ்மலின் சில காலம் மறைந்திருந்தது. இதன் மூலக்கூற்று அமைப்பு மிகச் சிக்கலானது. இராபர்ட் இராபின்சன், வுட்வர்ட் போன்ற முன்னணி வேதியியலாளர்கள் அதனை விளங்கிக்கொள்ள முயன்றனர். 1967 ஆம் ஆண்டில் மசமூனே குழுவினர் இதனை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தனர். இதற்கிடையில் ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கு ஊசி மருந்தாக அஜ்மலின் பயன்பாட்டிற்கு வந்தது.

இது இதயத் தசை உயிரணுக்களில் சோடியம் நுழையும் வழிகளை அடைக்கின்றது. அதனால் மின் தூண்டல் பரவும் வேகம் குறைகின்றது; தாறுமாறாகச் சுழலும் தூண்டல் அடங்குகின்றது. நரம்பணுக்களும் இதே முறையில், சோடியம் உட்புகுவதால்தான், செய்தியைக் கடத்துகின்றன. ஆகவே இவ்வகை மருந்தின் அளவு மிகுந்தால் மூளையும் நரம்பும் அதனை உணராமல் இருப்பதில்லை. அஜ்மலின் அளவு மீறும்போது கண் தசைகள் துடித்தல், வலிப்பு, மூச்சுத் தளர்ச்சி ஆகியவை ஏற்படுகின்றன. தவளைகளில் கண்ட மூன்றும் (இதயம், மூச்சு, நரம்பு) மனிதரிடத்தும் அவ்வாறே பாதிக்கப்படுகின்றன.

அஜ்மலின் வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் சரிவர உட்கவரப்படுவதில்லை. இக்குறையைப் போக்க அதன் மூலக்கூறில் சிறு மாற்றம் செய்து பிரஜ்மாலியம் என்னும் மாத்திரை உருவாக்கப்பட்டது. துடிப்பைச் சீராக்க இம்மாத்திரை உட்கொண்ட ஒரு நோயாளிக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்பட்டதாக 1977 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் செய்தி வெளியாயிற்று. முதியவர் ஒருவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் வீட்டார் அதனை முதுமை என்றும், பக்கவாதத்தின் தொடக்கம் என்றும் எண்ணுவது இயல்பு. அண்மையில் மாற்றப்பட்ட இதய மருந்து நினைவிற்கு வருவதில்லை. இத்தகைய குறிப்புகளின் பயன் இங்குதான் உள்ளது.

இது அஜ்மலினுக்கு மட்டும் உரிய இயல்பன்று. சின்கோனாப் பட்டையிலிருந்து பெறப்படும் குயினிடின் காதில் இரைச்சல், பார்வை மங்கல், குழப்பம் ஆகியவற்றைத் தரும். லிடோகைன் அளவு மிகும்போது உதடு மரத்தல், நடுக்கம், வலிப்பு என்ற வரிசையில் குறிகள் தோன்றும். டிஜிட்டாலிசு மிகுந்தால் பொருட்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும் என்பதை வில்லியம் விதரிங் 1785 ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். இன்று பரவலாக வழங்கப்படும் அமியோடரோன் கைந்நடுக்கம், நடையில் தள்ளாட்டம், கைகால்களில் மரமரப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். இது உடற்கொழுப்பில் சேர்ந்து தங்குவதால் நிறுத்திய பின்னரும் விளைவுகள் குறையப் பல வாரங்கள் அல்லது மாதங்கள் ஆகலாம். இதற்கு மாறாக, ஊசிவழி செலுத்தப்படும் அஜ்மலின் மிக விரைவில் குருதியிலிருந்து நீங்கிவிடுகின்றது.

இந்த விரைவே அதற்கு ஒரு புதிய பயனைத் தந்தது. 1992 ஆம் ஆண்டில் புருகாடா சகோதரர்கள் இளவயதினரிடம் திடீர் இறப்பை ஏற்படுத்தும் ஓர் இதயக் கோளாற்றை விவரித்தனர். இதன் அடையாளம் இதய மின்வரைவில் எப்போதும் தென்படுவதில்லை. அஜ்மலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் மறைந்திருக்கும் அவ்வடையாளம் வெளிப்படுகின்றது. மருத்துவமனையில், உயிர்காப்புக் கருவிகள் அருகிருக்க மட்டுமே இச்சோதனை செய்யப்படும். சித்தீக்கி இறப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் விவரிக்கப்பட்ட நோய் இது. தாம் இளமையில் கண்ட படிகம் இதற்குப் பயன்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்க இயலாது.

வேம்பும் பிற ஆய்வுகளும்

1940 ஆம் ஆண்டில் சித்தீக்கி சாந்தி சுவரூப் பட்நாகர் தலைமையில் இயங்கிய அறிவியல் தொழில் ஆய்வு அமைப்பில் சேர்ந்தார். 1942 ஆம் ஆண்டில் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகிய கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்தார். வேம்பு பற்றிய நவீன வேதியியல் இங்கிருந்து தொடங்குகின்றது எனலாம். குடசப்பாலைப் பட்டையின் ஆல்க்கலாய்டுகளையும் இவர் ஆராய்ந்துள்ளார். 1946 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இவருக்கு எம்.பி.ஈ. பட்டம் வழங்கியது.

பாக்கித்தானில்

பிரிவினைக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் இந்தியாவிலேயே இருந்த சித்தீக்கி, பாக்கித்தான் தலைமை அமைச்சர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று 1951 ஆம் ஆண்டில் கராச்சி சென்றார். அங்கு 1953 ஆம் ஆண்டில் பாக்கித்தான் அறிவியல் தொழில் ஆய்வுக் கழகத்தை நிறுவினார். 1961 ஆம் ஆண்டில் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1966 ஆம் ஆண்டில் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுநிலை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1976 ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையின் பெருங்கொடை கிடைத்ததை அடுத்து அது உசேன் இப்ராகிம் ஜமால் வேதியியல் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1980 ஆம் ஆண்டில் இலால்-இ-இம்தியாசு விருது இவருக்கு வழங்கப்பட்டது.

நிறுவனப் பொறுப்பிலிருந்து 1990 ஆம் ஆண்டில், 90 வயதைக் கடந்த பின்னரே, விலகினார். அதன் பிறகும் தம் தனி ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். 1994 ஏப்ரல் 14 அன்று கராச்சியில் இதயம் நின்றதால் காலமானார். கராச்சிப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

செடியின் இன்றைய நிலை

மருந்துத் தேவைக்காக வேரோடு பிடுங்கப்பட்டதால் காட்டில் சர்ப்பகந்தா அருகிவிட்டது. வேர் எடுக்கும்போது செடி முழுவதும் அழிவது இதற்கு முதன்மைக் காரணம். 1990 ஆம் ஆண்டில் இது அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புலிகள் காப்பகங்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் இதனைப் பறிப்பது சட்டப்படி குற்றமாகும். நாட்டு மருந்துக் கடைகளில் இப்பெயரில் கிடைக்கும் பொடியில் ரிசர்பினும் அஜ்மலினும் எந்த அளவில் உள்ளன என்பதை வாங்குபவர் கண்டறிய வழியில்லை. ஒரே செடியின் வேரிலும் பருவத்திற்கும் நிலத்திற்கும் ஏற்ப இவற்றின் அளவு வேறுபடுகின்றது. இதயத் துடிப்பிற்கோ குருதி அழுத்தத்திற்கோ ஏற்கனவே மருந்து உட்கொள்பவர் இப்பொடியையும் சேர்த்து உட்கொண்டால் துடிப்பு மிகக் குறைதல், மயக்கம், மனச்சோர்வு ஆகியவை நேரலாம்.